உப்பில்லாத டப்பா

எங்கள் கேஸ் ஏஜென்சிக்குத் தினமும் பதினொரு மணிக்கு வடை வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், மாடியில், ஒரே ஹால்தான் ஆபீஸ். கீழே டீக்கடை. வடை மேலே ஏறி வருகிற நேரம் பார்த்துத்தான் கூட்டமும் முட்டித் தள்ளும். ஆதாருக்குக் கைரேகை வைக்க வந்தவர்கள், வைத்தும் ரேகை விழாதவர்கள், சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று அதைவிடப் பெரிய சண்டைக்கு வந்தவர்கள். கவுன்டரில் நான். கைரேகை மெஷினில் வேதவதி மேடம். போனில் ஜென்சி. நானும் ஜென்சியும் ஒரு கையால் வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வோம். எண்ணெய்க் கையால் தட்டித் தட்டி என் கீபோர்டில் ஐந்தும் ஆறும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

வேதவதி மேடம் வடையைத் தொட மாட்டார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வருகிறவர். டீ மட்டும் குடிப்பார், அதையும் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கித்தான். ஆறு வருஷமாக அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பருக்கை அவர் எடுத்ததில்லை. நானும் நீட்டியதில்லை. மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது. என் மகள் ஹஃப்ஸாவுக்குக் காலேஜில் இடம் கிடைக்க அலைந்தபோது எனக்காக நாலு நாள் கவுன்டரையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான்.

போன வருஷம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை இன்னும் உள்ள வரலம்மா, வாசல்ல நிக்குது. நீங்கதான் வடையைக் குடுத்துக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பை நிறையக் காய் வாங்கினேன். என் வீட்டுக்காரர் நஜிமுதீனுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை. அங்கிருந்து மூடி இறுக்கமான சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று எடுத்துக்கொண்டேன்.

காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு காய் நறுக்க உட்காருவேன். வெள்ளரிப்பிஞ்சு நீளவாக்கில் நாலாக. கேரட் விரல் நீளத்துக்கு. நூல்கோல் தோலைச் சீவி மெல்லிய வில்லையாக. பீட்ரூட் என்றால் ஆவியில் ஐந்து நிமிஷம் காட்டி எடுத்துத் தேங்காய்ப் பூ. கொத்தவரங்காயை முழுசாக வேகவைத்து மேலே எள்ளுப்பொடி. வெறும் காயை மென்றால் ஒரே வாரத்தில் சலித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு நாள் மாங்காய்த் துருவல், ஒரு நாள் வறுத்த சீரகமும் மிளகும், ஒரு நாள் புதினாவும் எலுமிச்சையும் என்று மாற்றி மாற்றிப் பிரட்டுவேன். தட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், கையில் எண்ணெய் ஒட்டாது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "உங்க புக்கிங் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கலாம். எங்களைப் போல எழுந்து போய்ச் சாப்பிட நேரமில்லாத ஜனங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜென்சி முதல் நாள் டப்பாவை எட்டிப் பார்த்து, "அக்கா, இது உங்களுக்கா, வீட்ல ஆடு எதுவும் வளர்க்கிறீங்களா?" என்றாள். நாலாம் நாள் அவளுக்கும் ஒரு டப்பா வேண்டும் என்றாள். பொன்மலையிலிருந்து காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடி வருகிற பெண். பதினொரு மணிக்கு அவளுக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். ஆக இரண்டு டப்பா.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் வேதவதி மேடம் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"ஷாஜியா, எனக்கும் ஒரு டப்பா கொண்டு வரியா? அகத்துல எனக்குன்னு தனியா காய் திருத்தி எடுத்துண்டு வரப் பொழுதே இல்லை."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். ஆறு வருஷத்தில் முதல் தடவை. முகமெல்லாம் பல்லாக, "கொண்டு வரேன் மேடம், இதுல என்ன இருக்கு!" என்றேன்.

"ஆனா உப்பு மட்டும் போடாதே. சரியா?"

பல்லை மூடிக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எனக்குப் புரியும். நான் பத்து வயது வரை ஸ்ரீரங்கத்தில் படித்தவள். அத்தாவுக்கு, அதான் என் அப்பாவுக்கு, அப்போது திருவானைக்காவலில் சைக்கிள் கடை. அங்கே சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பழமோ பச்சைக் காயோ யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அதில் உப்பு பட்டுவிட்டால் அது சமைத்த பண்டம் மாதிரி. அப்புறம் யார் கை என்று பார்ப்பார்கள். நாலாம் வகுப்பில் என் சிநேகிதி வீட்டுக்கு ஒரு கொய்யாப்பழம் கொண்டுபோனேன். அவள் அம்மா சிரித்துக்கொண்டே வாங்கினார். உடைத்துப் பார்த்தால் உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும். ஆசையாக நானே தடவி மூடி எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மா அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்பினார். நான் போகும்போது கொய்யா அதே ஓரத்தில்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, அந்த ஓரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இருந்தாலும் கொண்டு போனேன். மூன்றாவது டப்பா, உப்பில்லாமல். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. உப்பில்லாத காயை ருசியாகத் தருவதில் எனக்கே ஒரு வீம்பு வந்தது. எள்ளும் மாங்காயும் சேர்ந்தால் உப்பு இல்லாத குறை பாதி தெரியாது. மேடம் ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணை மூடி மென்று, "நன்னாருக்குடி" என்பார்.

கெட்டது ஒரு சனிக்கிழமை. ஜென்சி சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஆளுக்கு ஒரு பொரி உருண்டை கொடுத்தாள். வேதவதி மேடம் கை நீட்டி வாங்கினார். வாங்கி, அங்கேயே, அப்போதே, மடமடவென்று தின்று தீர்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த வீட்டு அடுப்பிலோ யாரோ பாகு காய்ச்சி உருட்டினது. ஜென்சி கையால் அது ஆகும். என் உப்பு மட்டும் ஆகாது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. என் கோபம் அப்படித்தான், கேள்வி கேட்காது, நேராகத் தீர்ப்புக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை ஜூன் ஒன்பதாம் தேதி. அன்று காலை கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்தேன். வெள்ளரிக்காயையும் நூல்கோலையும் அதில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, துணியால் ஒற்றி, மூன்றாவது டப்பாவில் அடுக்கினேன். மேலே மாங்காயும் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலாக. உப்பு கண்ணுக்குத் தெரியாது. நாக்கும் அதைப் புளிப்பு என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

மேடம் ஒரு துண்டைக் கடித்தார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினார். "இன்னிக்கு என்னடி பண்ணினே? ருசி தூக்கறதே!"

"புது மாங்காய் மேடம்."

என் கண் முன்னால் முழு டப்பாவும் காலியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. எனக்குள் அந்தப் பத்து வயதுப் பெண் கை தட்டினாள். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பது நாள் செய்தேன்.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை மேடம் லீவு. வெள்ளிக்கிழமை வந்தார். முகம் வீங்கினாற்போல் இருந்தது. செருப்பைக் கழற்றியபோது பட்டை இருந்த இடம் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. பதினொரு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. ஜென்சி கீழே டீ சொல்லப் போனாள். நான் மூன்றாவது டப்பாவை எடுத்து நீட்டினேன். மேடம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை.

"ஷாஜியா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லுங்க மேடம்."

"எனக்குக் கர்ப்பப்பைல கட்டி. பயப்படாதே, சாதாரணக் கட்டிதான். ஆனா உதிரப்போக்கு நிக்கல. நாலு மாசமாச்சு. இருபத்திமூணாம் தேதி ஆபரேஷன்னு வெச்சிருந்தா. பிரஷர் குறைஞ்சாத்தான் மயக்க மருந்து குடுப்பேன்னுட்டார் டாக்டர். மாத்திரையோட உப்பையும் அறவே நிறுத்தச் சொன்னார். மே மாசத்துலேர்ந்து நான் உப்பைத் தொடல. அகத்துல தளிகை எனக்கு மட்டும் உப்பில்லாம தனியா. நன்னாக் குறைஞ்சுண்டே வந்தது. திடீர்னு பத்து நாளா ஏறறதுடி. நேத்திக்கு நூத்தி அறுபத்தி ரெண்டு. ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டா."

அவர் மடியிலிருந்த டப்பாவை விட்டு என் கண் நகரவில்லை.

"அதுகூடப் பரவாயில்லை. நான் திருட்டுத்தனமா ஊறுகாய் சாப்பிடறேன்னு டாக்டர் நினைக்கறார். 'மறைக்காம சொல்லுங்கம்மா'ன்னு எங்காத்துக்காரர் எதிர்லயே கேட்டார். அவரும் ஒண்ணும் பேசல. ஆத்துக்கு வந்து மாவடு ஜாடியைத் தூக்கி பீரோவுல வெச்சுப் பூட்டினார்." மேடம் செருப்புப் பட்டை பதிந்த காலைத் தடவிக்கொண்டார். "முப்பது வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன் ஷாஜியா. ஜாடியைப் பூட்டறார். காரணம் உப்பு இல்லைன்னா, கிட்னிக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கலாமாம். திங்கட்கிழமை மருந்து ஏத்தி ஸ்கேன் எடுக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு."

"ஏன் மேடம் இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆபீஸ் பூரா பரவும். கட்டின்னாலே எல்லாரும் கண்ணால கேன்சரான்னு கேப்பா. உப்பு வேண்டாம்னு சொன்னா, ஸ்ரீரங்கத்து மாமி, ஆசாரம்னு விட்டுடுவா. ஒரு கேள்வி வராது. அகத்துலயும் பச்சைக் காய்தானே, உப்பு படலையேன்னு சமாதானம் சொல்லிக்கலாம். ரெண்டுக்கும் தோதா இருந்தது." கொஞ்சம் சிரித்தார். "நீயாவது ஏன்னு கேப்பேன்னு நினைச்சேன். நீ கேக்கவே இல்லை."

"அன்னிக்குப் பொரி உருண்டை..."

"அதுவா? அன்னிக்கு எனக்குக் கண்ணை இருட்டிண்டு வந்தது. கையில கிடைச்சதைத் தின்னேன். நாராயணனே வந்து தடுத்தாலும் தின்னிருப்பேன்."

சொல்லிவிட்டு டப்பாவின் மூடியில் விரலை வைத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"வேணாம் மேடம். இன்னிக்கு வெள்ளரிக்காய் கசக்குது. நான் காலையிலயே பார்த்தேன், மறந்துட்டேன்."

டப்பாவை அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, வரவில்லை. ஜென்சி டீயோடு ஏறி வந்தாள். யாரோ கைரேகை விழவில்லை என்று கத்தினார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

வீட்டில் நஜிமுதீன் ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட வந்து மறுபடி கடைக்குப் போயிருந்தார். ராத்திரி அவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தவ்பா செஞ்சு பாவமன்னிப்பு கேட்டுட்டேங்க. மக்ரிப் தொழுகையில அழுது துஆ கேட்டேன்" என்றேன்.

"அல்லாஹ்கிட்ட கேட்டது சரி ஷாஜி. ஆனா இது அந்தம்மாவோட ஹக்கு, அவங்க உரிமை. மனுஷனுக்குச் செஞ்ச கெடுதலை அந்த மனுஷன் மன்னிச்சாத்தான் உண்டு. நீ அவங்ககிட்டதான் கேக்கணும்."

"அவங்க இனிமே என் முகத்துல முழிக்க மாட்டாங்க."

"மாட்டாங்கதான்" என்றார். "அதுக்காகத் திங்கட்கிழமை அவங்க போய் மருந்து ஏத்திக்கிட்டுப் படுக்கணுமா?"

சனிக்கிழமை ஆபீசில் சொல்லிவிடலாம் என்று போனேன். மேடம் ரத்தப் பரிசோதனைக்கு லீவு. போனில் சொல்லத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் ஆற்றைப் பார்க்கவில்லை. மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். இறங்கி வீட்டைக் கண்டுபிடித்து மணியை அடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் மேடத்தின் கணவர் தேசிகன். நெற்றியில் திருமண் ஈரம் காயவில்லை. அப்போதுதான் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியிலிருந்து வந்திருந்தார் போல.

"ஆபீஸ்லேர்ந்தா? ஷாஜியாவா? வாங்கோ வாங்கோ. வேதா, யார் வந்திருக்கா பாரு!"

கூடத்தில் வேதவதி மேடம் அரிவாள்மணையில் வாழைத்தண்டு திருத்திக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எழப் போனார். "உக்காருங்க மேடம்" என்று நான் தரையில் எதிரே உட்கார்ந்தேன். தேசிகன் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார்.

"சார், நீங்களும் இருங்க. உங்ககிட்டயும் சொல்லணும்."

அவர் நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மேடம் ஊறுகாய் சாப்பிடல சார். நான்தான் உப்பு குடுத்தேன். அவங்க உப்பு வேணாம்னு சொன்ன டப்பாவுல, அவங்களுக்குத் தெரியாம, உப்புத் தண்ணில ஊறப்போட்டுக் கொண்டு போனேன். ஆசாரத்துக்காகச் சொல்றாங்கன்னு நினைச்சேன். என் கை உப்பு ஆகாதான்னு கோபம். உடம்புக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சுதான் ஏமாத்தினேன். மன்னிச்சுடுங்க மேடம்."

மேடம் கையிலிருந்த நாரை மெதுவாக விரலிலிருந்து கழற்றி ஒரு பக்கம் வைத்தார்.

"என்னிக்குலேர்ந்து?"

"ஒன்பதாம் தேதிலேர்ந்து."

எழுந்து போய் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதி வைத்த நோட்டு. என் முன்னால் விரித்தார். ஜூன் ஏழு, நூற்று முப்பத்தெட்டு. எட்டு, நூற்று முப்பத்தாறு. பத்து, நூற்று நாற்பத்தெட்டு. பதினாலு, நூற்று ஐம்பத்தெட்டு. அவர் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். பதினாலாம் தேதிக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக, 'ஏன்?' என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் நான் உடைந்துவிட்டேன்.

மேடம் அழவிட்டார். பிறகு பேனாவை நீட்டினார். "எழுது. எந்தெந்த நாள், எவ்வளவு உப்புன்னு, உன் கையால எழுதிக் கையெழுத்துப் போடு. என் வாய் வார்த்தையை டாக்டர் நம்ப மாட்டார்."

எழுதினேன். ஒன்பது நாளுக்கும் பக்கத்தில் 'உப்பு, சுமார் அரை ஸ்பூன், ஷாஜியா' என்று ஒன்பது தடவை. சின்ன வயதில் தப்பு செய்தால் டீச்சர் நூறு தடவை எழுதச் சொல்வார். அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுதுடி" என்றார் மேடம் மெல்ல. "உப்பு கரிக்கறாப்பல இருந்தது. நாக்கு மரத்துப்போயிடுத்து, இல்லாததெல்லாம் தெரியறதுன்னு நினைச்சுண்டேன். நாக்கைத்தான் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படத் தோணல."

தேசிகன் நோட்டை வாங்கி ஒரு முறை படித்தார். பிறகு உள்ளே போனார். பீரோ சாவி சுழலும் சத்தம் கேட்டது. மாவடு ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, சமையலறை அலமாரியில் அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்தார். மேடத்தை அவர் பார்க்கவில்லை. மேடம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கிளம்பு ஷாஜியா" என்றார் மேடம். "எனக்கு இன்னும் கோபம் வரல. வரப் போறது. வந்தா பிரஷர் ஏறும். அதுக்குள்ள போயிடு."

திங்கட்கிழமை டாக்டர் நோட்டைப் பார்த்து ஸ்கேனை நிறுத்தி வைத்தாராம். இன்னும் இரண்டு வாரம் உப்பில்லாமல் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாராம். இதை எனக்குச் சொன்னது மேடம் இல்லை. லீவு லெட்டர் விஷயமாக மேனேஜர் சரவணன் சார் போனில் பேசியது காதில் விழுந்ததுதான். ஆபீசுக்கு வந்த மேடம் என்னிடம் வேலை மட்டும் பேசினார். "இவருக்கு நம்பர் பாரு", "அந்தப் படிவம் குடு". அவ்வளவுதான். பதினொரு மணிக்குத் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பார். அதில் வாடிப்போன நாலு கேரட் துண்டு. முதல் நாள் சாயங்காலமே நறுக்கி வைத்ததாக இருக்கும். அதைச் சிரமப்பட்டு மெல்லுவார்.

நான் தினமும் மூன்று டப்பாதான் கொண்டு போனேன். மூன்றாவதில் உப்பில்லை. அதை மேஜை ஓரத்தில் வைப்பேன். சாயங்காலம் அது அப்படியே இருக்கும். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஓரத்தில் வைத்த பண்டம் எப்படி இருக்கும் என்று இந்தத் தடவை எனக்கு நன்றாகவே தெரிந்தது. நஜிமுதீன் அதைச் சாப்பிடுவார். ஜென்சி ஒரு நாள், "ரெண்டு பேருக்கும் சண்டையாக்கா?" என்று கேட்டாள். "தப்பு என் மேலதான்டி" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. பதினொரு மணிக்கு வேதவதி மேடம் மெஷினைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காலைல நூத்தி முப்பத்தி நாலு. பதினாலாம் தேதி ஆபரேஷன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"எங்க என் டப்பா?"

எடுத்துக் கொடுத்தேன். வெள்ளரிப்பிஞ்சு, நூல்கோல், மேலே எள்ளும் மாங்காயும். மேடம் திறந்து பார்த்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளினார்.

"நீ முதல்ல எடுத்துச் சாப்பிடு."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நியாயம்தான். ஒரு துண்டு எடுத்தேன், பாதி கடித்தேன், மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு இருக்கா?"

"இல்ல மேடம்."

"இன்னொண்ணு எடு. அடியிலேர்ந்து."

எடுத்தேன். பாதி கடித்த முதல் துண்டைப் பிடித்திருந்த அதே விரல்களால். மாங்காய்ச் சாறு வழிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் பட்ட கை அது. இந்த ஆறு வருஷத்தில், என் எச்சில் கை தப்பித் தவறி அவர் மேஜையில் பட்டால்கூட எழுந்து போய்த் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு வருகிறவர் அவர். டீ டம்ளரை உதட்டில் படவிடாதவர். அந்தக் கையைத்தான் தன் டப்பாவின் அடி வரை விடச் சொல்லியிருக்கிறார். ஜென்சி போனைக் காதில் வைத்தபடி, பேசுவதை மறந்து எங்களைப் பார்த்தாள்.

போன மாதம் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு நான் பட்டது போதும். கேட்டேன்.

"மேடம், இது நீங்க என்னை நம்பாததாலயா, நம்புறதாலயா?"

மேடம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டும்தான்டி" என்று சொல்லிவிட்டு அதே டப்பாவுக்குள் கையை விட்டார்.